எடைக்கல்லை மாற்றும் கை

கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் சிறு விவசாயிகளே, தோட்டத் தொழிலாளர்களே!

அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டால் குன்னூருக்கு என்ன வந்தது, பச்சைத் தேயிலைக்கு விலை கேட்க வேண்டிய மேடையில் உலக அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த மலை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனதும், இந்த மலையில் தேயிலை வேர்விட்டதும் வல்லரசுச் சண்டைகளால்தான். 1769-இல் மைசூரின் ஹைதர் அலி சென்னைக்குச் சில மைல் தொலைவுவரை படையோடு வந்து, தன் சொல்படி சமாதானம் எழுத வைத்தார். தெற்கே தனக்கு ஈடாக ஒருவன் எழுவதைக் கும்பினியால் பொறுக்க முடியவில்லை. அதன்பிறகு மூன்று போர்கள். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்தது, ஹைதரின் மகன் திப்பு மடிந்தார், அந்த ஆண்டு உடன்படிக்கையில் நீலகிரி கும்பினியின் கணக்கில் ஏறியது. இங்கிருந்த படகரையோ தோடரையோ கோத்தரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேயிலையின் கதை இன்னும் தெளிவானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து குடித்த தேநீர் முழுக்கச் சீனத்துச் சரக்கு. சீனர்கள் பதிலுக்கு இங்கிலாந்துத் துணியைப் பெரிதாக விரும்பவில்லை, வெள்ளியைக் கேட்டார்கள். சந்தையில் நேர்மையாகப் பார்த்தால் சீனன் விற்கிறான், ஆங்கிலேயன் வாங்குகிறான், அவ்வளவுதான். ஆனால் உலகத்துக்கெல்லாம் வணிக தர்மம் சொன்னவர்கள் தங்கள் கையிலிருந்து வெள்ளி கரைந்தவுடன் என்ன செய்தார்கள்? பீகாரிலும் காசிப் பக்கத்திலும் நம் குடியானவர்களைக் கொண்டு அபினி விளைவித்தார்கள், கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள், சீனச் சட்டம் தடுத்த அந்த விஷம் கள்ளத்தனமாக அங்கே இறங்கியது. 1839-இல் லின் செஷு என்ற அதிகாரி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறித்து அழித்தபோது போர்க்கப்பல் வந்தது. 1842-இல் நான்கிங் உடன்படிக்கை: ஹாங்காங் போயிற்று, ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன, அபராதமும் சீனாவின் தலையில். இதற்கு முன்பே, 1834-இல், இந்தியாவில் தேயிலை வளர்க்க கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஒரு குழு அமைத்திருந்தார். 1848-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவரைக் கும்பினி சீனாவுக்கு அனுப்பியது. அவர் சீன உடை தரித்து உள்நாட்டுக்குள் நுழைந்து செடியையும் விதையையும் தொழில் தெரிந்த ஆட்களையும் கொண்டுவந்தார். அறிவுத் திருட்டு என்று இன்று சீனாவை நோக்கி விரல் நீட்டுகிறார்களே, அந்தச் சொல்லுக்குப் பழைய சாட்சி இந்த நாட்டுத் தேயிலை. நம் மலையிலேயே, நடுவட்டத்தில், சிறை கட்டிச் சீனக் கைதிகளை அடைத்து, மலேரியா மருந்துக்கான சிங்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். அவர்கள் அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்று சொல்வாருண்டு, மலாக்காப் பக்கத்துக் குற்றவாளிகள் என்று சொல்வாருமுண்டு. எப்படியாயினும், அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது.

தராசைப் பிடித்தவன் லாபத்தில் இருக்கும்வரை எடைக்கல் புனிதமானது. எதிரில் நிற்பவன் அதே கல்லில் அதிகம் நிறுத்துக் காட்டினால், உடனே கல் மாறும். ஜெர்மனியின் சரக்கு லண்டன் கடைகளை நிறைத்தபோது, 1887-இல் அந்நியப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சட்டம் போட்டார்கள். அவமானத்துக்காகப் போட்ட முத்திரை கடைசியில் தரத்துக்கு அடையாளமாகிவிட்டது! நம் காலத்தில், 2001-இல் அமெரிக்காவின் ஒப்புதலோடுதான் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. சீனா அந்த அமைப்புக்குள்ளேயே வளர்ந்து நெருங்கியதும் 2018-இல் கூடுதல் வரி வந்தது, 2022 அக்டோபரில் உயர்ரக சிப்புகளைச் சீனாவுக்கு விற்கத் தடை வந்தது. உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தீர்க்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்புக்கு உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்து வந்ததால், 2019 டிசம்பரில் அதுவும் செயலற்றுப் போயிற்று.

சீனா கம்யூனிஸ்ட் நாடு, ஜனநாயகமில்லாத நாடு, பாதுகாப்புக்காக அமெரிக்கா இப்படிச் செய்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியானால் ஜப்பான்? அது ஜனநாயக நாடு, கூட்டாளி நாடு, அமெரிக்கப் படை தங்கியிருக்கும் நாடு. அதன் காரும் சிப்பும் முந்தியபோது 1985-இல் பிளாசா உடன்பாட்டில் யென் மதிப்பை ஏற்ற வைத்தார்கள், 1986-இல் சிப் வணிகத்துக்கு ஒப்பந்தம் எழுத வைத்தார்கள், 1987-இல் ஜப்பானிய மின்னணுப் பொருள்கள் சிலவற்றின்மீது நூறு சதவீத வரி போட்டார்கள். கொடியின் நிறத்தை இங்கே யாரும் பார்க்கவில்லை. முன்பு முதலிடத்தில் இருந்த பிரிட்டன், வளர்ந்துவந்த அமெரிக்காவுக்குச் சண்டையில்லாமல் வழிவிட்டதே என்று கேட்பது நல்ல கேள்வி. வழிவிட்டது உண்மை. ஆனால் அப்போது ஜெர்மனி கடலுக்கு அந்தப் பக்கம் கப்பற்படை கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் போட்டியாளனைச் சமாளிக்கத் தூரத்துப் போட்டியாளனோடு சமரசம் செய்தார்கள், அவ்வளவே. இதனால் சீனா உத்தமன் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்ததை வெலிங்டன் ராணுவ முகாமை மடியில் வைத்திருக்கும் இந்த மலை மறக்காது. அரிய கனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, சீனாவும் இன்று எடைக்கல்லில் கை வைக்கிறது.

ஆகவே இரண்டில் எவன் நல்லவன் என்று தேடுவது நம் வேலையாக இருக்க முடியாது. அவர்கள் கல்லை மாற்றும்போது நம் கூடை என்ன ஆகும் என்பதே நம் கேள்வி. சோவியத் யூனியன் நம் தேயிலையை ரூபாய்க்கு வாங்கியது. 1991-இல் அது உடைந்தபோது அந்தப் பெரிய சந்தை ஆட்டங்கண்டது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்து குடும்பங்கள் தள்ளாடியதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், ஒருவரையே பெரிதும் நம்பியிருந்ததும் அதில் ஒரு காரணம். மலைக்குக் கீழே திருப்பூரைப் பாருங்கள். ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குகிறது என்பதற்காக அமெரிக்கா இந்தியச் சரக்கின்மீது கூடுதல் வரி போட்டு, 2025 ஆகஸ்டில் மொத்தம் 50 சதவீதமாக்கியது. பனியன் தைத்தவருக்கும் அந்த எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

எனவே தேர்தல் வரும்போது, வாக்குக் கேட்டு உங்கள் படகர் ஹட்டிக்கும் தோட்டத்து லைன் வீட்டுக்கும் வருகிறவர் எந்தக் கட்சியானாலும் அவரை நிறுத்திக் கேளுங்கள்: ஒரு நாடு கதவைச் சாத்தினால் எங்கள் தேயிலையை வாங்க எத்தனை நாடுகளைப் பேசி வைத்திருக்கிறீர்கள், அதுவரை ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு என்ன விலையை அரசு உறுதி செய்யும்? தொகையை எண்ணால் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாதவருக்கு வாக்களிக்காதீர்கள்.