ஒற்றைப் பாதையும் குறித்த நேரமும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் ஊருக்குப் புறப்படும் நாளை நிர்ணயிப்பது பெரும்பாலும் ரயில் டிக்கெட்டேயாகும். திருமணமாயினும் துக்கமாயினும், வேலூர் மருத்துவமனைக்கு ஒரு நோயாளியை அழைத்துச் செல்வதாயினும், வண்டி குறித்த நேரத்தில் போய்ச் சேருமா என்பதே நமது முதற் கவலை. ரயில்வேயைப் புதுப்பிப்பது என்றவுடன் வேகமான வண்டிகளும் பளபளக்கும் நிலையங்களும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் நேரந்தவறாமைக்கு வேர் தண்டவாளத்தில் இருக்கிறது. இதனை விளக்க, திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் 104 கிலோமீட்டர் பாதையை எடுத்துக்கொள்வோம்.

1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி இட்ட மீட்டர் கேஜ் பாதை இது; பின்னாளில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. நீளத்திற் சிறிதெனினும் இதன் பொறுப்பு பெரிது. வடக்கே ரேணிகுண்டாவில் சென்னை–மும்பை வழியையும், அதற்கப்பால் கூடூரில் விஜயவாடா வழியையும், தெற்கே காட்பாடியில் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் செல்லும் வழியையும் இணைப்பது இதுவே. திருமலைக்கு வரும் பக்தர்களும், வேலூருக்குச் செல்லும் நோயாளிகளும், சரக்கு வண்டிகளும் இப்பாதையையே நம்பியிருக்கின்றனர்.

ஒற்றைப் பாதையின் இடர்ப்பாடு யாதெனில், எதிரெதிரே வரும் இரு வண்டிகளில் ஒன்று ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்றே தீரவேண்டும். முற்காலத்தில், பிரம்பு வளையத்தில் கோத்த டோக்கனை ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்தாலன்றி டிரைவர் அடுத்த நிலையத்துக்கு வண்டியைச் செலுத்த இயலாது. இன்று சிக்னல்கள் மின்கருவிகளால் இயங்குகின்றன. ஆனால் விதி அதுவேதான். சித்தூரில் ஒரு வண்டி அரைமணி தாமதித்தால், அதற்காக வேறொரு நிலையத்தில் காத்துநிற்கும் வண்டியும் தாமதிக்கிறது. அதன் தாமதம் அடுத்த வண்டியைப் பற்றுகிறது. 'கிராசிங்குக்காக நிற்கிறது' என்று நாம் சலித்துக்கொள்வது இதனையே.

இதைவிடப் பெரியதொரு சங்கடமும் உண்டு. பாதையைச் செப்பனிட வேண்டுமாயின் வண்டிகளை நிறுத்தியாகவேண்டும். சித்தூர்ப் பக்கத்துக் கோடையில் தண்டவாளம் வெப்பத்தால் நீண்டு வளையப் பார்க்கிறது. குளிர் மிகுந்தால் சுருங்கிப் பற்றவைத்த இடங்களில் விரிசல் காணக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத விரிசல்களை மீயொலிக் கருவி கொண்டு தேடுகிறார்கள். மண்ணடைந்த ஜல்லியைச் சலித்துத் தூய்மை செய்து, எந்திரத்தால் ஸ்லீப்பர்களின் அடியில் இறுக்குகிறார்கள். இவற்றுக்கெல்லாம் வண்டி ஓடாத சில மணிநேரம் தேவை. ஒற்றைப் பாதையில் அந்த நேரம் எளிதிற் கிடைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்ப் பாலங்களையும் கரைகளையும் சீர்செய்ய வேண்டிய புரட்டாசியில்தான் திருமலையில் பிரம்மோற்சவமும் வழக்கமாக வருகிறது. சிறப்பு வண்டிகள் வேண்டுமெனப் பக்தர்கள் கேட்கும் காலமும் அதுவே.

மழையின் வலிமையை நாம் அறியாதவரல்லோம். 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நிகழ்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். 2021 நவம்பரில் செய்யேற்றில் அன்னமய்யா அணை உடைந்தபோது, ரேணிகுண்டாவுக்கு வடமேற்கே, ராஜம்பேட்டைக்கும் நந்தலூருக்கும் இடையே பாதையை வெள்ளம் அரித்துச் சென்றது. பல வண்டிகள் ரத்தாயின. பல வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன. இத்தகைய நாட்களில், மழையிரவில் விளக்கேந்திப் பாதையோடு நடந்து காவல்புரியும் தொழிலாளியின் கண்ணே முதற் பாதுகாப்பு.

திருப்பதி–பாகாலா–காட்பாடிப் பாதையை இரட்டைப் பாதையாக்க 1,332 கோடி ரூபாய்ச் செலவில் 2025 ஏப்ரல் 9ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதனால் வண்டிகள் ஒன்றுக்கொன்று காத்துநிற்கும் தொல்லை குறையும் என்பது வெளிப்படை. ஆயினும் நாம் இதில் காணவேண்டிய பெரும் பயன் மற்றொன்று: ஒரு பாதையில் வேலை நடக்கையில் மற்றொன்றில் வண்டிகளை ஓட்டலாம், பழுதுபார்க்கும் நேரம் அதனால் கிடைக்கிறது. இரண்டாம் பாதை அமைந்தவுடன் இடைவெளி முழுவதையும் புதிய வண்டிகளால் நிரப்பிவிட்டால் இப்பயன் கைநழுவிப்போகும். பழைய நெருக்கடி இரண்டு பாதைகளிலும் தோன்றும். எனவே புதிய கால அட்டவணையை வகுக்கும்போதே பராமரிப்புக்குரிய மணிகளை ஒதுக்கி, அவற்றை எவர் கேட்டாலும் விட்டுக்கொடாதிருத்தல் அவசியம்.

எந்திரங்களைப் புதுப்பித்தால் மட்டும் போதாது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியே சான்று. 2023 ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவின் பாலாசோரில் நேர்ந்த கோர விபத்தை ஆராய்ந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், சிக்னல் இணைப்பு வேலைகளில் நேர்ந்த பிழைகளைக் காரணமாகக் கண்டார். நவீனக் கருவியும் அதனைப் பேணும் கையின் ஒழுங்கையே சார்ந்திருக்கிறது. மோதலைத் தடுக்கும் 'கவச்' போன்ற ஏற்பாடுகள் விரிவடைவது மகிழ்ச்சிக்குரியது. அவற்றுக்கும் இதே பராமரிப்பு வேண்டும்.

பிரயாணிகளாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாதை வேலைக்காக வண்டி ரத்து என்ற அறிவிப்பைக் கண்டதும் குறைகூறுவது நமது வழக்கமாகிவிட்டது. முன்கூட்டியே தெளிவாக அறிவித்து மாற்று வழியும் காட்டவேண்டும் என்று கேட்பது நமது உரிமை. வேலையே வேண்டாம் என்பது நமக்கே கேடாகும். இன்று ஒருநாள் விட்டுக்கொடுக்கும் சில மணிநேரம், நாளை மருத்துவமனைக்கு விரையும் ஒரு குடும்பத்தைக் குறித்த நேரத்தில் காட்பாடியில் இறக்கிவிடும்.