கற்பனை அணியும் ஓய்வுப் பொழுதும்



இல்லறத்தாருக்கு ஓய்வு நேரம் அரிய செல்வம். கடையை அடைத்து, அல்லது அலுவலகப் பணி முடித்து, வீடு திரும்பிய பின் எஞ்சுவது இரண்டு மூன்று மணி நேரமே. இன்று பல இல்லங்களில் அந்நேரத்தைக் கைப்பேசியில் அமைக்கப்படும் கற்பனைக் கிரிக்கெட் அணி எடுத்துக்கொள்கிறது. அது தக்க பொழுதுபோக்குதானா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டு அமெரிக்க நாட்டில் தோன்றியது. 1980ஆம் ஆண்டு டேனியல் ஓக்ரென்ட் என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பர்களும் நியூயார்க் நகரில் பேஸ்பால் வீரர்களைக் கொண்டு கற்பனை அணிகளை அமைத்து ஆடினர். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரே அவ்விளையாட்டிற்கு வழங்கலாயிற்று. நாளிதழில் வெளியாகும் எண்களைப் பார்த்துக் கையால் கணக்கிட்டு ஒரு பருவம் முழுதும் பொறுமையுடன் ஆடிய நண்பர் விளையாட்டு அது. நம் நாட்டில் கிரிக்கெட்டுடனும் கைப்பேசியுடனும் இணைந்தபோது, அது ஒரே இரவில் முடிந்துவிடும் போட்டியாகச் சுருங்கிற்று.

ஆடும் முறை எளிது. களமிறங்கும் இரு அணிகளிலிருந்தும் பதினொரு வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு உண்டு. மொத்த மதிப்பு வகுத்த வரம்பைத் தாண்டலாகாது. ஓட்டம், விக்கெட், பிடி ஆகியவற்றிற்குப் புள்ளிகள் கிடைக்கும். தலைவராகக் குறிக்கப்பட்டவரின் புள்ளி இருமடங்காகும்.

இதில் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஆடுகளத்தின் தன்மை, பந்துவீச்சாளரின் பழைய கணக்கு, வரம்புக்குள் தேர்ந்தெடுக்கும் சிக்கனம் ஆகியன அறிவுக்கு வேலை தருவனவே. தொலைவில் வாழும் சகோதரர்கள் இதன்பொருட்டு நாள்தோறும் உரையாடுவதும் உண்டு. இத்தகைய விளையாட்டு ஒன்றில் திறமையே மேலோங்கியது என்று 2017ஆம் ஆண்டு பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்மையே.

ஆயினும் திறமை என்னும் பெயரால் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் வழக்கம் பெருகிற்று. ஒருவர் வென்ற பொருள், தோற்ற பலரின் பொருளே. அதிலும் ஒரு பங்கை நடத்துவோர் எடுத்துக்கொண்டனர். நம் முன்னோர் விலக்கிய ஏழு வியசனங்களுள் சூது முதலில் வைக்கப்பட்டுள்ளது. திருக்குறளும் அதற்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. திறமையாளன் சூதாடினாலும் சூது சூதே. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்ற வேறுபாடு பாராது, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. நடத்துவோர்க்கும் விளம்பரம் செய்வோர்க்கும் தண்டனை வகுத்தது. முன்னணி நிறுவனங்கள் கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டன.

இங்கேதான் உண்மையான வினா எழுகிறது. பணம் நீங்கிவிட்டால் குற்றமும் நீங்கிவிடுமா?

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயன் ஏதுமின்றி வினையைச் சேர்த்துக்கொள்ளும் செயல்களை விடுவது அது. அவ்வகைச் செயல்கள் ஐந்தனுள் ஒன்று அபத்தியானம், அதாவது தீய சிந்தனை. தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரை கண்ட பூச்சியபாத சுவாமிகள், பிறருக்கு நேரும் கொலை, கட்டு முதலியவற்றை எண்ணுவதோடு, பிறருடைய வெற்றி தோல்விகளை எண்ணிக் கிடப்பதையும் இவ்வகையிலேயே சேர்த்துள்ளார். சிறிய செயல் போலத் தோன்றுவதை அவ்வரிசையில் ஏன் வைத்தார் என்பது இவ்விளையாட்டைக் கண்டால் விளங்கும்.

ஓர் இளைஞன் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். களத்தில் ஒரு மட்டையாளர் அழகுற ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் தன் கற்பனை அணியில் இல்லை. தன் நண்பனின் அணியில் தலைவராக இருக்கிறார். உடனே அவ்விளைஞனின் உள்ளம் அவர் வீழ வேண்டும் என்று விரும்புகிறது. அவருக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டு வெளியேறினால் முகம் மலர்கிறது. அவ்வீரர் அவனுக்கு ஒரு தீங்கும் செய்தவரல்லர். அவன் இருப்பதையே அறியாதவர். ஒரு காசும் கைமாறவில்லை. எனினும் ஓர் உயிரின் துன்பத்தில் மகிழும் பழக்கம் அவனுள் வேரூன்றிவிட்டது. எறும்பையும் மிதியாமல் நடக்கப் பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு இது பேரிழப்பாகும்.

இதற்கு மாறாக, ஆட்டத்தை ஆட்டமாகவே காண்பவன் இரு தரப்பின் திறமையையும் பாராட்ட இயலும். ஆகவே கிரிக்கெட் பார்ப்பதை விலக்க வேண்டியதில்லை. பிறர் வீழ்ச்சியில் தன் ஆதாயத்தைக் கட்டி வைக்கும் அமைப்பையே விலக்க வேண்டும்.

காலக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஐபிஎல் பருவத்தில் 74 ஆட்டங்கள். ஓர் ஆட்டம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். ஒரு சாமாயிகத்திற்கு வேண்டுவது 48 நிமிடமே. ஓர் ஆட்டப் பொழுதில் நான்கு சாமாயிகங்கள் அடங்கும். இதனைக் கேட்டு எவரும் மனம் சுருங்க வேண்டியதில்லை. முழுதும் விட இயலாதோர் அளவு வகுத்துக்கொள்வதும் நம் அறத்தில் ஒரு நெறியே. வாரம் ஓர் ஆட்டம்; பணம் வைப்பதில்லை; உணவு வேளையில் கைப்பேசி தொடுவதில்லை என்று ஓர் இளைஞன் உறுதி பூண்டால் அதுவும் விரதத்தின் தொடக்கமே.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. கைப்பேசியைப் பறிப்பதால் மனம் மாறாது. மாலையில் பிள்ளைகளோடு தெருவில் மட்டை பிடித்து ஆடும் தந்தை, விடுமுறையில் பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் அழைத்துச் சென்று அங்குள்ள சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் காட்டும் தாய், இவர்களால் அந்த இடம் நிரம்பும். நூறு வீரரின் எண்களை நினைவில் வைக்கும் கூர்மை, இருபத்து நான்கு தீர்த்தங்கரரின் இலாஞ்சனங்களையும் எளிதில் கற்கும்.

ஆட்டம் முடிந்தபின் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: இன்று எவருடைய வீழ்ச்சியையேனும் விரும்பினேனா? இல்லை என்று மனம் சொல்லுமானால் அந்த ஓய்வு நல்ல ஓய்வு.

அருகன் அறம் ஓங்குக!