நிலையாமையும் ஒரு மருத மரமும்



நிலையாமை என்றதும் பலருக்கு நாலடியார்தான் நினைவுக்கு வரும். சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் 400 வெண்பாக்கள். செல்வம், இளமை, யாக்கை மூன்றும் நில்லா என்று தொடக்கத்திலேயே மூன்று அதிகாரங்கள். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி, மழையில் தோன்றித் தோன்றி உடையும் குமிழி, பழம் உதிர்ந்த சோலை மரம் என்று காட்சிகள் வந்துகொண்டே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது பறவைகள் வரும் வெண்பா. கேளாமல் வந்து உறவாகிறவர்கள் ஒருநாள் சொல்லாமல் போகிறார்கள், மரத்தில் கூட்டை விட்டுவிட்டுப் பறவை போவதுபோல. சாவு விழுந்த வீட்டின் வெறுமை முழுக்க அந்தக் கூட்டில் இருக்கிறது.

ஆனாலும் நாலடியாரின் காட்சிகளுக்குப் பின்னால் ஓர் ஆசான் நிற்கிறார். நீர்த்துளியைக் காட்டிய கையோடு, இப்போதே அறம் செய் என்கிறார். துளியை நாம் கண்ணாரப் பார்க்க அவர் நேரம் தருவதில்லை.

புறநானூற்றின் 243ஆம் பாட்டு அறிவுரை எதுவும் சொல்வதில்லை. கோல் ஊன்றிய கிழவர் ஒருவர் பேசுகிறார். உடம்பு நடுங்குகிறது, இருமலுக்கு நடுவே சில சொற்கள்தான் வருகின்றன. அவர் நினைப்பதோ சிறுவயது. மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்துப் பொய்கையில் ஆடியது. நீர்மேல் தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க, நீர் சிதறக் குதித்தது. ஆழ மடுவில் மூழ்கி அடிமணலை அள்ளி வந்து காட்டியது. அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பாட்டில் பூ வாடவில்லை, இலை உதிரவில்லை, நீர் வற்றவில்லை. மடு நிறைந்திருக்கிறது, கிளை தாழ்ந்திருக்கிறது. மாறியவர் குதித்தவர் மட்டுமே. தளதளவென்றிருக்கும் இயற்கையை வைத்தே முதுமையைச் சொல்லிவிட்டார் புலவர். இதைக் கையறுநிலைத் துறையில் வைத்திருக்கிறார்கள். மன்னனோ வள்ளலோ இறந்தால் பாடும் துறை அது. இங்கே தன் இளமைக்கே ஒருவர் இரங்கல் பாடுகிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் கைத்தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம்.

நிலையாமையைப் பாடிய தமிழ்ப் பாட்டுகளில் இதையே நான் முதலில் வைப்பேன். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் குதித்த ஆறும் குளமும் எவை என்று கேளுங்கள்.