ஆறு கார்பனும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கும்
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இவருக்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத் தெரிந்த கணக்கு வழியாகவே பேசுகிறேன்.

வெல்டிங் பட்டறையில் எரியும் வாயு அசிட்டிலீன். அதன் ஒரு மூலக்கூறில் இரண்டு கார்பன். மூன்று மூலக்கூறுகள் கைகோத்தால் ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம். அரோமாட்டிக் வளையம் என்பார்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலில் அந்த வளையம் இருக்கிறது. பீரோவில் வைக்கும் நாப்தலீன் உருண்டையில் இரண்டு வளையங்கள் ஒட்டியிருக்கின்றன.

இப்படி 78 கிராம் பென்சீன் உண்டானால் சுமார் 600 கிலோஜூல் ஆற்றல் வெளிவரும். நல்ல லாபம்தான். ஆனாலும் சிலிண்டரில் உள்ள அசிட்டிலீன் தானாகப் பென்சீன் ஆவதில்லை. தொடங்குவதற்கான முதலீடு மிகப் பெரியது. 1866இல் பிரான்சின் பெர்த்தலோ கடுமையாகச் சூடாக்கித்தான் அதைச் செய்தார். 1948இல் ஜெர்மனியின் ரெப்பே, நிக்கல் வினையூக்கியைக் கொண்டு மிகக் குறைந்த வெப்பத்திலேயே முடியும் என்று வெளியிட்டார்.

உலோகம் என்ன செய்கிறது? நம் வங்கி சஸ்பென்ஸ் கணக்கு மாதிரி. கோபால்ட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்து, தன்னையும் சேர்த்து ஐந்து அணு வளையம் ஆக்குகிறது. மூன்றாவது வந்து சேர்ந்ததும் ஆறு கார்பனும் இணைந்து வெளியேறுகின்றன. கணக்கு நேராகிவிடும், உலோகம் பழையபடி இருக்கும்.

அந்த மூன்றாவது எப்படி நுழைகிறது? உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவில் புகுந்து, ஏழு அணு வளையம் ஆகிறதா? அல்லது நான்கு கார்பனின் இரு முனைகளையும் நேரே இணைக்கிறதா? இடைப்பட்ட நிலைகள் கண நேரம்கூட நிற்பதில்லை. அதனால் கம்ப்யூட்டரில் எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிட்டு, எந்த வழியில் மேடு குறைவு என்று பார்க்கிறார்கள். இத்தகைய கணக்கு முறைகளுக்காக வால்டர் கோனும் ஜான் போப்பிளும் 1998இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலோகத்தோடு ஒட்டியிருக்கும் துணைக்குழு மாறினால் விடையும் மாறலாம். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் பிளாக்குகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்வதெல்லாம் கெமிஸ்ட்ரியா?" என்று பெரியவர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. லெட்ஜரும் ரொக்கமும் மாலையில் ஒத்துப்போனால்தான் நாங்கள் வீட்டுக்குப் போவோம். இங்கேயும் அப்படித்தான். கணக்கு சொன்னதைச் சோதனைக் குழாய் சரிபார்க்கும். எதை முதலில் செய்து பார்க்கலாம் என்று கணக்கு வழிகாட்டினால், கண்மூடிக் கலந்து வீணாகும் ரசாயனமும் நேரமும் மிச்சம்.

அந்தப் படிப்பைக் கேட்டு உங்கள் பிள்ளை வந்தால், முதலில் உட்காரவைத்துக் கேளுங்கள்.