நீலகிரி மண் ஏன் புளிக்கிறது?

(விவசாயிகள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"உரம் குறைவில்லாமல் போட்டேன்; ஆனாலும் உருளைக்கிழங்கு தேறவில்லை" என்று மலைப்பகுதியில் பலர் சொல்வதுண்டு. உரத்தைக் குறை கூறுமுன் மண் உண்டான விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

குன்னூர் மலைப்பாதையில் வெட்டிய சரிவுகளைப் பாருங்கள். மேலே செம்மண், அதன்கீழ் கையால் நொறுக்கக்கூடிய மஞ்சள் நிறச் சிதைந்த பாறை, அடியில் கெட்டியான கரும்பாறை. இதற்குச் சார்னோகைட் என்று பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் ஃபெல்ஸ்பார் முதலிய கனிமங்களை அரிக்கிறது. சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்துக்கள் கரைந்து ஓடையோடு போய்விடுகின்றன. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. இரும்பு துருப்பிடித்து மண்ணுக்கு நிறம் தருகிறது.

செவ்வாய்க் கிரகத்து மண்ணும் இரும்புத் துருவால்தான் சிவந்திருக்கிறது. ஆனால் 2008ஆம் ஆண்டில் அங்கு இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் சோதித்த மண்ணின் கார அமில நிலை ஏறத்தாழ 7.7, புளிப்பே இல்லை. அங்கே இன்று மழை கிடையாது. உப்புக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எனவே செந்நிறம் வேறு, புளிப்பு வேறு. நம் மண்ணைப் புளிக்க வைத்தது மழை. அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களைத் தொடர்ந்து இடுவதும் புளிப்பைக் கூட்டும்.

கார அமில நிலையில் 7 என்பது நடுநிலை. ஓர் எண் குறைந்தால் புளிப்பு 10 மடங்கு கூடும். 5.5க்குக் கீழே போகப் போக அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர்கள் குட்டையாகித் தடித்துவிடும். இட்ட மணிச்சத்தையும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் பணம் மண்ணிலேயே முடங்கிவிடும்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். சுண்ணாம்பின் அளவைப் பரிசோதனை முடிவே சொல்ல வேண்டும். அளவு மீறினால் உருளைக்கிழங்கில் சொறி நோய் கூடும்.

2. சுண்ணாம்பையோ டோலமைட்டையோ நடவுக்குச் சில வாரங்கள் முன்பே இட்டு மண்ணில் நன்கு கலந்துவிடுங்கள். சுண்ணாம்பை அம்மோனியா உரங்களுடன் சேர்த்து இடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிவிடும்.

3. சூப்பர் பாஸ்பேட்டை நிலமெங்கும் தூவாமல், மக்கிய எருவுடன் கலந்து நடவுச் சாலில் இடுங்கள்.

4. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையுள்ள புளிப்பே உகந்தது. காய்கறித் தோட்டத்துக்கு இட்ட சுண்ணாம்பளவைத் தேயிலைக்கும் இட்டுவிடாதீர்கள். அங்கே ராக் பாஸ்பேட் ஏற்றது. மண்ணின் புளிப்பே அதைக் கரைத்துப் பயிருக்குத் தரும்.

மழை நிற்கப்போவதில்லை, புளிப்பும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒருமுறை சுண்ணாம்பு இட்டதோடு விட்டுவிடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணைச் சோதித்து அதன்படி நடந்துகொள்ளுங்கள். உரச்செலவும் குறையும், விளைச்சலும் கூடும்.