உயிர் பிழைத்தல் முதற்படி, வளர்தல் அடுத்த படி

(தம்பானூரில் நலவாழ்வுத் துறை அலுவலர்களும் செவிலியர் கல்வி மாணவியரும் பங்குகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் குழந்தைச் செவிலியம் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இந்நகரம் அவ்வியப்பை முன்னரே நீக்கிவிட்டது. இங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையம் தயாரித்து, 1975இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட ஆய்வறிக்கை, வருமானம் குறைந்த ஒரு மாநிலமும் கல்வியிலும் நலவாழ்விலும் முன்னேற முடியும் என்பதை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. அம்முன்னேற்றத்தைக் காட்டும் அளவுகளுள் முதன்மையானது சிசு மரண விகிதம்.

1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவை இந்தியாவில் 129, கேரளத்தில் 58. 2020இல் இவை முறையே 28 ஆகவும் 6 ஆகவும் குறைந்தன. இது பெருமைக்குரிய சாதனை. ஆயினும் இதே கேரளத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதவர்கள், தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் 19.7 சதவிகிதமாக இருந்து, 2019-21இல் 23.4 சதவிகிதமாக உயர்ந்தனர். அகில இந்திய அளவான 35.5 சதவிகிதத்தைவிட இது குறைவே. எனினும் பிழைத்த குழந்தைகள் யாவும் செம்மையாக வளர்கின்றன என்று நாம் நிறைவு கொள்வதற்கில்லை.

இருவகை வளர்ச்சி

வளர்ச்சி என்னும் சொல்லில் இரு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று உடல் வளர்ச்சி. மற்றது திறன் வளர்ச்சி. முன்னதைத் தராசும் அளவு நாடாவும் காட்டும். மூன்று கிலோ எடையுடன் பிறந்த குழந்தை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் ஆறு கிலோவையும், ஓராண்டு முடிவில் ஒன்பது கிலோவையும் எட்டவேண்டும். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டராக இருந்த நீளம் ஓராண்டில் 75 ஆக வேண்டும். ஒருநாள் எடையைவிட, மாதந்தோறும் குறிக்கப்படும் கோடு எத்திசையில் செல்கிறது என்பதே முக்கியம். தாய்ப்பாலுடன் இணையுணவு தொடங்கவேண்டிய ஆறாம் மாதத்திற்குப் பின் அக்கோடு மேலெழாமல் படுத்துவிட்டால், குழந்தை நோயுற்றதாகத் தோன்றாவிடினும் அது எச்சரிக்கையே.

திறன் வளர்ச்சியை அளக்கத் தராசு இல்லை. முகம் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், குப்புற விழுதல், ஒலி வந்த பக்கம் திரும்புதல், கைமாற்றிப் பிடித்தல், நடத்தல், இரு சொற்கள் பேசுதல் ஆகியவற்றைக் கண்டே அறியவேண்டும்.

திருவனந்தபுரத்தின் கொடை

இதற்கென ஓர் எளிய கருவி இந்நகரிலேயே உருவாயிற்று. மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்தைச் சார்ந்த டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய சகாக்களும் 1991இல் வெளியிட்ட திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணையே அது. பேலி அளவுகோலின் பரோடா நியமங்களிலிருந்து 17 செயல்களை மட்டும் தெரிந்தெடுத்து, பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கென அமைத்தனர். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறம் முடிந்துவிட்ட செயல்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்த்தால் போதும். ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் முடிந்துவிடும். விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டியதில்லை.

குறைமாதக் குழந்தைக்கு மட்டும் வயதைத் திருத்திக் கணக்கிடவேண்டும். இரு மாதங்கள் முன்னதாகப் பிறந்த குழந்தையை ஆறாம் மாதத்தில் சோதித்தால், பென்சில் நான்காம் மாதத்தில் நிற்கவேண்டும்.

சல்லடையும் தீர்ப்பும்

இங்கு ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டுகிறேன். இவ்வட்டவணை, உண்மையில் பின்தங்கிய மூவரில் ஏறக்குறைய இருவரைக் கண்டுபிடிக்கிறது. நலமாக உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 79 பேரைச் சரியாக விலக்குகிறது. நூறு குழந்தைகளில் மூவர் பின்தங்கியவர் எனக் கொள்வோம். அட்டவணை அவர்களில் இருவரைக் காட்டும். கூடவே நலமாக உள்ள சுமார் இருபது பேரையும் காட்டும். ஆக, 22 தாய்மாருக்கு மறுபரிசோதனை தேவை என்று சொல்ல நேரும். அவர்களுள் இருபது பேரின் அச்சம் வீணானது. ஒரு குழந்தையோ கண்ணில் படாமலே போகும்.

எனவே இது சல்லடையே தவிரத் தீர்ப்பன்று. ‘உங்கள் குழந்தைக்குக் குறை இருக்கிறது’ என்று கூறுவது செவிலியின் வேலையன்று. ‘இன்னொரு முறை பார்த்துவிடுவோம், அதுவரை இப்படிப் பேசிக் கொஞ்சி விளையாடுங்கள்’ என்று கூறிச் செய்துகாட்டுவதே அவர் வேலை. சோதனையில் தேறிய குழந்தையையும் அடுத்த வருகையில் மீண்டும் பார்ப்பதால்தான் தப்பிய ஒன்று அகப்படும்.

செலவு யாருடையது?

தம்பானூரில் புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் மலையோரக் கிராமங்களிலிருந்தும் குழந்தையுடன் வரும் தாய் இங்கு இறங்கி, மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்து மாறுகிறாள். அவள் இழக்கும் ஒருநாள் கூலியும், துணைக்கு வருபவரின் கூலியும், வழிச்செலவும் எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை. பொருளாதாரத்தில் இவையும் செலவுகளே. முதற்சோதனை கிராமத்திலேயே நடந்துவிட்டால், உண்மையில் தேவைப்படுவோர் மட்டுமே இப்பயணத்தை மேற்கொள்வர்.

அதற்கான அமைப்பு நம்மிடம் உண்டு. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள் உள்ளன. 2011 முதல் பச்சிளங்குழந்தையை 42ஆம் நாள் வரை ஆஷா பணியாளர் வீட்டிற்கே சென்று காண்கிறார். 2018இல் வகுக்கப்பட்ட திட்டப்படி மூன்றாம் மாதம் முதல் பதினைந்தாம் மாதம் வரை மேலும் ஐந்து வருகைகள் உண்டு. குறை காணப்பட்டோருக்கென 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பத் தலையீட்டு மையங்கள் உள்ளன.

இவற்றை இணைக்கும் கண்ணி செவிலியே. ஆகவே அலுவலர்களுக்கு மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன். எடை பார்க்கும் நாளிலேயே திறன் சோதனையும் நடைபெறட்டும். அதற்குரிய ஏழு நிமிடத்தைச் செவிலியின் பணிநேரத்தில் முறையாக ஒதுக்குங்கள். பதிவேடுகளைப் பெருக்கி அதைப் பறித்துவிடாதீர்கள். நகர மருத்துவமனை கண்ட முடிவு, தாயின் கைச்சீட்டோடு நின்றுவிடாமல் அவ்வூர்ச் செவிலிக்கும் எட்டட்டும்.

மாணவச் செல்வங்களே, சிசு மரண விகிதத்தைக் குறைத்த தலைமுறையின் பணி புள்ளிவிவரங்களில் பதிவாகிவிட்டது. நீங்கள் செய்யப்போகும் பணி அவ்வளவு எளிதில் எண்ணில் அடங்காது. உரிய காலத்தில் கண்டறியப்பட்டதால் நடக்கவும் பேசவும் பள்ளிக்குச் செல்லவும் வாய்ப்புப் பெறும் குழந்தைகளே அதற்குச் சான்றாவர்.