குளம் ஒன்று, வயல் பல



உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் ஒருவர், ஒரு வயலில் விதைப்பும் மறுவயலில் களையெடுப்புமாக இருக்கலாம். அதற்காக அவர் இரண்டாவது குளம் வெட்டுவதில்லை. வயலில் எளிதாக விளங்கும் இவ்வுண்மை, கணினியின்முன் அமர்ந்ததும் நம் பிள்ளைகளுக்கு மறந்துபோகிறது.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பாடசாலைப் புள்ளிப் பதிவேட்டுக்கு நிரல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பகுதியொன்று பாதியில் நிற்கிறது. அவ்வேளை பார்த்து, வழக்கத்திலுள்ள நிரலில் கூட்டுத்தொகை பிழைக்கிறது. தவணை அறிக்கையோ நாளை பெற்றோர் கைக்குப் போகவேண்டும். அவள் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, "புதியது", "இறுதி", "மெய்யான இறுதி" என்று பெயரிடுகிறாள். (அலுவலக அலுமாரிகளிலும் இத்தகைய இறுதிகள் பல உண்டு!) ஒரு நகலில் திருந்திய பிழை மற்றதில் திருந்தாமலே கிடக்கும். ஒரு பிள்ளையின் புள்ளி அதனால் மாறிப்போனால் அது சிறிய காரியமா?

லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியை ஆக்குவோர்க்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் முறை, மாற்றங்களின் வரலாற்றைக் களஞ்சியமாகச் சேமிக்கிறது. அக்களஞ்சியமே குளம். வரலாற்றிலிருந்து தனித்துப் பிரியும் போக்கைக் கிளை என்பர். 2015 யூலையில் வெளியான 2.5ஆம் பதிப்பில் 'கிட் வொர்க்ட்ரீ' என்னும் கட்டளை சேர்ந்தது. 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' என்று எழுதி, புதிய கோப்புறையின் இடத்தையும் கிளையின் பெயரையும் கொடுத்தால், அதே களஞ்சியத்திலிருந்து இன்னொரு பணிக் கோப்புறை விரிகிறது. வரலாறு இரட்டிப்பதில்லை. பாதி எழுதியது தன்னிடத்தில் அப்படியே இருக்க, பிழையை அடுத்த கோப்புறையில் திருத்திப் பதியலாம். அப்பதிவு முதற் கோப்புறையிலிருந்தும் உடனே காணக்கூடியது. வேண்டும்போது அங்கே இணைத்துக்கொள்ளலாம்.

ஒரே கிளையை இரு கோப்புறைகளில் திறக்க முயன்றால் கிட் இயல்பாகவே மறுத்துவிடும். ஒரே வரவையில் இருவர் ஏர்பூட்டினால் எழும் வழக்கை வட்டவிதானை அறிவார். ஆதலால் இம்மறுப்பை நான் மெச்சுகிறேன்.

களஞ்சியத்திற் பதியாத கோப்புகள், கடவுச்சொல் எழுதிய அமைப்புக் கோப்பு போன்றவை, புதிய கோப்புறைக்குத் தாமாக வந்துசேரா; கையால் வைக்கவேண்டும். எவையெவை விரிந்திருக்கின்றன என்பதை 'கிட் வொர்க்ட்ரீ லிஸ்ட்' காட்டும். வேலை முடிந்ததும் 'கிட் வொர்க்ட்ரீ ரிமூவ்' என்று முறைப்படி நீக்குதல் நன்று. கோப்புறையை வெறுமனே அழித்தால் அதன் குறிப்பு களஞ்சியத்தில் எஞ்சிநிற்கும். அதைத் துப்புரவாக்க 'புரூன்' என்னும் கட்டளையும் உண்டு.